மழை இல்லாத மாசியில் உபின் பாறைகள்: போகலாமா, கூடாதா?

பாசிரிஸ்வாசி | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் மூன்று வாரமாக மழை இல்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் திடல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: பாறை பார்க்க உபின் தீவுக்குப் போக வேண்டுமென்றால் இதுதான் சமயம். மற்ற மாதங்களில் அங்கே கல்மேல் பாசியும் பெரணியும் ஈரமுமாக மூடிக் கிடக்கும், கல் எது மண் எது என்றே தெரியாது. நேற்று போய் வந்துவிட்டோம். நான், மச்சினன், பன்னிரண்டு வயது மகள். அருமையான நாள், ஆனால் பதினொரு மணிக்கு மேல் பயந்துபோன நாள். இரண்டையும் எழுதுகிறேன், நீங்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஏழு மணிக்குச் சாங்கி படகுத்துறையில் நின்றோம். பம்போட் கிளம்பப் பன்னிரண்டு பேர் சேர வேண்டும், ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. இறங்கியதும் கம்பத்துக் கடையில் தண்ணீர் வாங்கினோம். தீவில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறும் மழைநீரும்தான். கடைக்காரப் பெரியவர் தன் கிணற்றைக் காட்டி, கயிற்றை வழக்கத்தைவிட இரண்டு முழம் கூடுதலாக விட வேண்டியிருக்கிறது என்றார்.

முதலில் பெக்கான் குவாரி. கல்லெடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து இப்போது ஏரி. நடுத்திட்டு மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருந்தன. நீர் இறங்கியதால் கரைப்பாறையில் வெளிறிய பட்டை ஒன்று சுற்றிலும் ஓடியது.

அங்கிருந்து புக்கிட் புவாக்கா பக்கம் நடந்தோம். ஏற்றம் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாதையோரம் என்னைவிட உயரமான ஒரு பாறை. அதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். உச்சியிலிருந்து அடிவரை பள்ளம் பள்ளமாகக் கோடுகள். கோயில் தூணில் பட்டை பிடித்திருப்பார்களே, அப்படி. ஆனால் அளவு ஒன்றுபோல இல்லை. சில விரல் அகலம், சில உள்ளங்கை அகலம். இரண்டு கோடு சேர்ந்து கீழே ஒரே கோடாகப் போன இடமும் உண்டு. மகள் ஒரு பள்ளத்தில் கையை வைத்தாள், மணிக்கட்டு வரை உள்ளே போனது. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. காய்ந்த பாசி விரல் பட்டு உதிர்ந்த இடத்தில் கல்லின் நிறம் தெரிந்தது: பால்வெள்ளை, கண்ணாடிச் சாம்பல், நடுவில் மிளகுப்பொடி போலக் கறுப்பு. "அப்பா, இதை யார் செதுக்கினது?" என்று கேட்டாள். மழை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மூன்று வாரமாக மழையையே பார்க்காத பிள்ளையிடம் கல்லை மழை செதுக்கும் என்றால் எப்படி நம்புவாள்?

மேலே ஏறினோம். காட்சிமேடையிலிருந்து உபின் குவாரியின் பச்சைத் தண்ணீர், செங்குத்தான கல்சுவர், தூரத்தில் கடல். அவ்வளவு அழகு. அங்கே நிழல் கிடையாது. படம் எடுத்து, உட்கார்ந்து, பேசி, அரை மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டோம். அது என் தவறு.

இறங்கும்போது மச்சினன் பேசுவதை நிறுத்திவிட்டான். வாய் ஓயாத பையன். திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் சில்லென்ற வியர்வை. தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது என்றான். நிழலில் படுக்க வைத்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்து, சட்டையை நனைத்து, தொப்பியால் விசிறினோம். மகள் 100 பிளஸ் பானத்தை மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்தாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தான். அந்தப் பக்கமாக வந்த வேனை நிறுத்திப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். இப்போது நலமாக இருக்கிறான்.

ஆனாலும் என் கட்சி இதுதான்: பாறை பார்க்க வறண்ட நாளே நல்ல நாள். எப்படிப் போவது என்பதைத்தான் நான் சரியாகத் திட்டமிடவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிப் போகிறீர்கள்?

யீஷூன்ராஜா | ஞாயிறு, இரவு 9.52

அண்ணா, நல்ல வேளை உடனே நிழலில் படுக்க வைத்தீர்கள். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், நான் மருத்துவ உதவியாளராக இருந்தவன். முதலில் ஒரு கேள்வி. மச்சினனுக்கு அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு ஏதாவது? தூக்கம் எப்படி? ஏதாவது மாத்திரை?

பாசிரிஸ்வாசி | ஞாயிறு, இரவு 10.20

இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன் தம்பி. வியாழக்கிழமை தொண்டைவலியும் லேசான காய்ச்சலும். சளி மாத்திரை போட்டிருக்கிறான். வெள்ளி இரவு வேலை முடிந்து மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறான். சொன்னால் கூட்டிப்போக மாட்டேன் என்று மறைத்துவிட்டான்.

யீஷூன்ராஜா | ஞாயிறு, இரவு 10.41

அதுதான் காரணம். முகாமில் பயிற்சிக்கு முன் இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்போம். காய்ச்சல் விட்டாலும் உடம்பு சூட்டைத் தாங்கும் நிலைக்குத் திரும்பச் சில நாள் ஆகும். சளி மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும். தூக்கம் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

நீங்கள் பார்த்தது வெப்பச் சோர்வு. வெளுப்பு, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், தசை இழுப்பு, இவைதான் அதன் அடையாளம். ஆள் தெளிவாகப் பேசினான் என்பதால் நிழலும் தண்ணீரும் போதுமாயிற்று. இதுவே குழப்பமாகப் பேசுவது, நடை தள்ளாடுவது, கேட்டால் பதில் இல்லாமல் போவது என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது. ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிட்டு, கையில் உள்ள தண்ணீர் அத்தனையும் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் என்று பார்க்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது.

வெயில் அளவுக்கு அரசாங்கத்தின் மைஇஎன்வி செயலியைப் பாருங்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து ஓர் அளவு காட்டும். 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 32.9 வரை மிதம், 33 முதல் அதிகம். வெறும் வெப்பநிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மழைக்காடு | திங்கள், காலை 7.15

வணக்கம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதிரி வறட்சியில் காட்டுப்பக்கம் போகவே கூடாது என்பது என் கருத்து, மனிதருக்காக மட்டும் சொல்லவில்லை.

பதினைந்து ஆண்டாக நான் இயற்கை நடைகளுக்கு ஆட்களை அழைத்துப் போகிறேன். நம் ஊரில் வறட்சி என்றால் தமிழ்நாட்டு வறட்சி போல இல்லை. தொடர்ந்து 15 நாள் தீவு முழுவதும் ஒரு நாளும் 1 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாவிட்டாலே வானிலை ஆய்வகம் அதை வறண்ட காலம் என்று கணக்கில் எடுக்கும். காடு அவ்வளவு ஈரத்துக்குப் பழகியது. 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் அப்படிப் போனது. அந்தப் பிப்ரவரி மாதம் முழுவதும் சாங்கி நிலையத்தில் பதிவானது 0.2 மில்லிமீட்டர். 1869இலிருந்து இருக்கும் பதிவுகளில் அவ்வளவு வறண்ட மாதம் வேறில்லை. அப்போது நான் காட்டுக்குள் போயிருக்கிறேன். இலை கொட்டி, மரக்கிளை காய்ந்து, காற்றே இல்லாத நேரத்தில் தலைக்கு மேல் சட்டென்று முறிந்து விழுந்தது. குரங்கும் காட்டுப்பன்றியும் தண்ணீர் தேடிப் பாதைக்கே வந்துவிட்டன. கையில் பிளாஸ்டிக் பையோடு போனால் குரங்கு பறிக்கும், பிள்ளைகள் பயந்து ஓடுவார்கள்.

ஒரு பீடித்துண்டு போதும், சருகு பற்றிக்கொள்ள.

அப்புறம் பாசி. அது காய்ந்ததுபோல் தெரியும், சாகவில்லை. மழைக்குக் காத்திருக்கும். நீங்கள் விரலால் தேய்த்து உதிர்த்தது பல வருட வளர்ச்சியாக இருக்கலாம். வருத்தப்பட வைக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை கை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பாசிரிஸ்வாசி | திங்கள், மதியம் 12.35

பாசி விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. மகளிடமும் சொல்லிவிட்டேன். இனித் தொட மாட்டோம். ஆனால் போகவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவத்தின் வறண்ட பகுதி. வருடத்தில் இந்தச் சில வாரம்தான் மண்பாதை கெட்டியாக இருக்கும், கல் வழுக்காது. ஏப்ரல் வந்தால் பிற்பகல் இடிமின்னல். எனக்குத் திறந்த மேட்டில் மின்னலைவிட வெயில் பரவாயில்லை, வெயிலில் நேரம் பார்த்துத் திரும்பலாம். நான் திரும்பவில்லை, அதுதான் பிரச்சினை.

கல்தச்சன் | திங்கள், இரவு 8.30

படித்துக்கொண்டே வந்தேன், அந்தப் பள்ளக்கோடு வந்ததும் நிறுத்த முடியவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவன் நான். குடுமியான்மலையிலும் சித்தன்னவாசலிலும் பாறையில் ஏறி விளையாடி வளர்ந்து, படித்ததும் புவியியல். இங்கே வேலை கட்டுமானத் துறையில் மண் சோதனை. தோண்டினால் வரும் கல்லைத்தான் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்: செதுக்கியது மழைதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போமே, இது மழை ஊரத் தேய்ந்த கல்.

உபின் பாறை 23, 24 கோடி ஆண்டுக்கு முன் தரைக்கு அடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், உருகிய குழம்பாக இருந்து மெல்ல ஆறி உறைந்தது. மெல்ல ஆறியதால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள். மகள் பார்த்த பால்வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிச் சாம்பல் குவார்ட்ஸ், மிளகுப்பொடி பெரும்பாலும் கறுப்பு அபிரகம். மேலே இருந்த அத்தனை மலையும் மண்ணும் அரித்துப் போன பிறகு பாரம் குறைந்து பாறையில் விரிசல் விழுந்தது. விரிசலில் மழைநீர் இறங்கியது. மழைநீரில் லேசான அமிலம் இருக்கும். அது ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கும், குவார்ட்ஸை ஒன்றும் செய்ய முடியாது, அது மணலாக உதிரும். மூலைகளை இரண்டு மூன்று பக்கமிருந்து நீர் தாக்குவதால் அவை முதலில் கரையும். சதுரக்கல் உருண்டைக்கல் ஆவது இப்படித்தான். பிறகு வெளியே தெரியும் பாறையில் மழை ஒரே வழியாக ஓடி ஓடி அந்தப் பள்ளங்களை உண்டாக்கும். இரண்டு கோடு சேர்ந்து ஒன்றானது என்று எழுதினீர்களே, ஓடை ஆற்றில் சேருவதும் அப்படித்தானே? பாறை முழுக்கச் சின்னச் சின்ன ஆறுகள். சுண்ணாம்புக்கல்லில் இது எல்லா ஊரிலும் நடக்கும். கருங்கல்லில் இவ்வளவு ஆழமாக வர நம் ஊர் மாதிரி அடைமழை வேண்டும். 1840களிலேயே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற பத்திரிகை ஆசிரியர் உபின் பாறைகளைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்.

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையை இதோடு வைத்துப் பார்ப்பேன். அந்தக் கல் 250 கோடி ஆண்டு வயது, உபினைப்போல் பத்து மடங்கு. ஆனால் அங்கே இப்படிக் கோடு ஓடி நான் பார்த்ததில்லை.

மழைக்காடு அக்காவும் பாசிரிஸ்வாசி சாரும் வாதாடுகிறீர்கள். எனக்கு இரண்டும் வேண்டும். வறட்சியில் கல்லின் வடிவம் தெரியும். அதைச் செய்தவரைப் பார்க்க மழையில்தான் போக வேண்டும். இடி இல்லாத தூறலில் அந்தப் பாறை முன்னால் நின்று பாருங்கள், ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் இறங்கும்.

மழைக்காடு | திங்கள், இரவு 9.05

கல்தச்சன், இதைப் படித்ததும் எனக்கு உடனே கிளம்ப வேண்டும்போல் இருக்கிறது.

தோபாயோ_தாசன் | செவ்வாய், காலை 8.20

உபின் வரை போவானேன்? வெயில் காலத்துக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குட்டி குவிலின். அதே கருங்கல், அதே குவாரி, தண்ணீர் நடுவில் பாறை நிற்கும் அழகு சீனத்து குவிலின் போலவே இருக்கிறது என்றுதான் அந்தப் பெயர். அரை மணியில் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கோப்பி குடிக்கலாம். லேப்ரடோர் பூங்காவும் போகலாம், கடற்காற்று உண்டு. டிராகன் பல் பாறை அங்கே நிற்கிறது, பல நூறு வருடப் பழமை.

கல்தச்சன் | செவ்வாய், மதியம் 1.10

இரண்டு இடமும் நல்ல யோசனை, இரண்டு திருத்தம்.

குட்டி குவிலின் கல் உபின் கல் அல்ல. அது கேப்ரோ. அதுவும் ஆழத்தில் ஆறிய கல்தான், ஆனால் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை, இரும்பும் மக்னீசியமும் அதிகம். நாம் கருங்கல் என்று சொல்லும் உபின் கல் உண்மையில் வெளிர்சாம்பல். கறுத்த கல் பார்க்க வேண்டுமென்றால் குட்டி குவிலின்தான் சரியான இடம்.

லேப்ரடோரில் இப்போது நிற்பது 2005இல் சீனக் கடலோடி செங் ஹே பயணத்தின் 600ஆம் ஆண்டை ஒட்டி வைத்த மாதிரி. அசல் பாறையை 1848இல் கெப்பல் துறைமுக வாயிலை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சீன மாலுமிகளுக்கு அது வழிகாட்டி அடையாளம். அதைத் தகர்ப்பதற்கு ஐந்து வருடம் முன்னால், 1843இல், சிங்கப்பூர் ஆற்று முகத்தில் எழுத்துப் பொறித்த பெரிய மணற்கல்லையும் இப்படித்தான் உடைத்தார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் இருப்பது என்ன எழுத்து என்று இன்றுவரை முடிவாகவில்லை. அந்தத் துண்டின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஒரு கல்லை உடைக்க எவ்வளவு சின்ன காரணம் போதுமாக இருந்திருக்கிறது.

ஆனால் லேப்ரடோர் போனால் மாதிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே கடலோரச் சரிவில் மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காகத் தெரியும். தெற்கும் மேற்கும் அந்தப் படிவுப்பாறை, நடுவும் வடக்கும் உபினும் கருங்கல். இவ்வளவு சின்ன தீவில் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

செங்காங்_அக்கா | செவ்வாய், இரவு 10.15

நான் எப்போதும் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. குவாரி என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் அப்பா புக்கிட் தீமா பக்கம் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. பாறையில் துளை போடுகிற வேலை. காற்றழுத்த எந்திரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மேலிருந்து கீழே துளைப்பார்கள். அதில் மருந்து வைத்து வெடிப்பார்கள். வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். இரண்டாவது சங்கு, ஆபத்து இல்லை என்பதற்கு. அது கேட்ட பிறகுதான் உள்ளே போவார். அப்பா வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகும், எங்கேயாவது சங்கு ஊதினால் அம்மாவின் கை நின்றுவிடும்.

அப்பா வீட்டுக்கு வரும்போது இமையெல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்மாவு. கிணற்றடியில் உட்கார வைத்து அம்மா தண்ணீர் ஊற்றுவார். 1963இல் தண்ணீர் ரேஷன் வந்து அடுத்த வருடம் பிப்ரவரி வரை பத்து மாதம் நடந்தது. அப்போதும் அப்பாவுக்கு மட்டும் ஒரு வாளி ஒதுக்கி வைத்ததாக அம்மா சொல்வார். நாங்கள் வளர்ந்த பிறகு அப்பாவின் விரல்கள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாது. நான்தான் போட்டு விடுவேன்.

அவர் போய் இருபது வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 84 வயது. அந்தக் குவாரிகள் பூங்காவான பிறகு நான் ஒரு முறைகூடப் போனதில்லை. யாராவது போனால், சுவரில் அந்தத் துளைத்தடம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வீர்களா?

கல்தச்சன் | செவ்வாய், இரவு 11.02

அக்கா, தெரியும். வெடித்துப் பிளந்த பாறையில் துளையின் ஒரு பாதி சுவரோடு நிற்கும், நெடுக்காகப் பிளந்த குழாய் மாதிரி. உங்கள் அப்பா போன்றவர்கள் துளைத்த கல்தான் மலேசியாவுக்குப் போக 1924இல் திறந்த ஜோகூர்ப் பாலத்தின் அடியில் கிடக்கிறது. உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் போன கல். பெட்ரா பிராங்கா என்ற பாறைத்தீவில் 1850, 51இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் உபின் கல். அதை நினைத்துக்கொண்டுதான் பாலத்தைக் கடக்கிறேன், ஒவ்வொரு முறையும்.

பாசிரிஸ்வாசி | புதன், காலை 6.50

அக்கா, இந்தச் சனிக்கிழமை புக்கிட் தீமா பக்கம் இருக்கும் டெய்ரி ஃபார்ம் பூங்காவுக்குப் போகிறேன், அங்கே பழைய குவாரி உண்டு. பார்த்து வந்து எழுதுகிறேன்.

பாசிரிஸ்வாசி | சனி, மாலை 6.25

போய் வந்தேன். மகளும் நானும் மட்டும். மச்சினன் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. தூங்கட்டும்.

இம்முறை யீஷூன்ராஜா தம்பி சொன்னபடி செயலியைப் பார்த்தேன், காலையில் அளவு குறைவு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கூடவே உப்பும் இஞ்சியும் போட்ட நீர்மோர் ஒரு பிளாஸ்க். மகளிடம் ஒரு விதி சொல்லியிருந்தேன்: தண்ணீரில் பாதி தீர்ந்தாலும் சரி, பத்தரை மணி ஆனாலும் சரி, எது முந்துகிறதோ அப்போது திரும்புகிறோம். எவ்வளவு அழகான இடத்தில் நின்றாலும்.

ஹில்வியூ எம்ஆர்டியிலிருந்து நடந்தோம். 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வண்டு சேகரித்தது இந்தக் காட்டுப் பக்கம்தான். சருகு காலடியில் அப்பளம் போல நொறுங்கியது. மழைக்காடு அக்கா சொன்னது நினைவில் இருந்ததால் மேலே பார்த்துக்கொண்டே நடந்தோம். காய்ந்த கிளை ஒன்று பாதை நடுவில் கிடந்தது, முறிந்த இடம் புதியது.

குவாரிச் சுவருக்கு முன்னால் போய் நின்றதும் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, உபின் மாதிரியே கோடு." நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவளே சொன்னாள், "இல்லை, இது நேராக இருக்கு." மழைக்கோடு வளைந்து, சேர்ந்து, அகலம் மாறி ஓடும். இது மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி இறங்கியது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம். பக்கத்தில் அதேபோல் இன்னொன்று, சற்றுத் தள்ளி மூன்றாவது. செங்காங் அக்கா, அது துளைத்தடம்தான். பிள்ளை தன் மூன்று விரலைச் சேர்த்து அதற்குள் வைத்துப் பார்த்தாள், சரியாகப் பொருந்தியது. அங்கே பாசி இல்லை, வெறும் கல், அதனால்தான் தொட விட்டேன். படம் எடுத்திருக்கிறேன், தனிமடலில் அனுப்புகிறேன்.

அடுத்தது சொல்ல வேண்டும். பத்து மணிக்கு மேல் வானம் இருட்டியது. இடி கேட்டதும் சுவரை விட்டு விலகி நடந்து, வாலஸ் கல்வி நிலையத்துக் கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தோம். இருபத்தைந்து நாளில் முதல் மழை. மண்ணிலிருந்து கிளம்பிய வாசம்! மகள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். இடி முழுவதும் ஓய்ந்து அரை மணி ஆன பிறகு, திரும்பும் வழியில் எட்ட நின்று சுவரைப் பார்த்தோம். சுவர் முழுக்க ஒரே மாதிரி நனையவில்லை. முன்பே கறுப்பாக இருந்த வரிகளில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துளைத்தடம் ஒன்றுக்குள்ளும் சின்னதாக ஒரு நீர்க்கம்பி. "இதுவும் இனிமே பள்ளமாகுமா?" என்றாள். கல்தச்சன், பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மழைக்காடு அக்கா, வறட்சியில் போகக் கூடாது என்ற உங்கள் கட்சிக்கு நான் இன்னும் வரவில்லை. ஆனால் மழையிலும் போக வேண்டும் என்பதற்கு வந்துவிட்டேன்.

கல்தச்சன் | சனி, இரவு 7.40

ஆகும் என்று சொல்லுங்கள். தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்தால் அது விடாது. ஆனால் அவளுடைய பேரனுக்குப் பேரன் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவு மெதுவாக.

இன்னொரு விஷயம், எல்லாருக்கும். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் பெருமழை சரிவுகளுக்கு நல்லதல்ல. காய்ந்து வெடிப்பு விட்ட மண்ணில் நீர் வேகமாக இறங்கும், தளர்ந்த கல் உருளும். இரண்டு மூன்று நாள் குவாரிச் சுவருக்கு அடியில் நிற்காதீர்கள். வேலி போட்ட இடத்தைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

மழைக்காடு | சனி, இரவு 8.15

மழை வந்துவிட்டதால் நானும் சண்டையை நிறுத்துகிறேன். அடுத்த வறட்சியில் தொடரலாம். அந்த விதி, பாதித் தண்ணீர் அல்லது பத்தரை மணி, அதை என் நடைக்குழுவில் இனிச் சொல்லப் போகிறேன்.

செங்காங்_அக்கா | சனி, இரவு 9.30

படம் வந்தது தம்பி. அம்மாவிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இவ்வளவு நேரா போட உங்கப்பாவால்தான் முடியும்" என்றார். அது அப்பா போட்டதா, வேறு யார் போட்டதா, எந்த வருடம் என்றெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆமாம் என்றேன்.

அம்மாவைக் கூட்டிப்போக முடியுமா? கைத்தடியோடு மெதுவாக நடப்பார். தூரமாக இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும்.

பாசிரிஸ்வாசி | சனி, இரவு 9.48

கட்டாயம் போகலாம் அக்கா. கல்தச்சன் சொன்னபடி அடுத்த வாரம் வேண்டாம், மண் கொஞ்சம் இறுகட்டும். அதற்கடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹில்வியூ எம்ஆர்டி வாசலில் நிற்கிறேன். அதற்கு முன் ஒருநாள் நான் மட்டும் போய், படி இல்லாத வழி எது, உட்காரும் இருக்கை எங்கெங்கே என்று பார்த்து வைக்கிறேன். நாற்காலியைத் தள்ள மச்சினன் வருவான், இந்த முறை நன்றாகத் தூங்கிவிட்டு. பாட்டிக்கு மோரில் இஞ்சி ஒத்துக்கொள்ளுமா?

செங்காங்_அக்கா | சனி, இரவு 9.55

ஒத்துக்கொள்ளும். உப்பு மட்டும் குறைவாக.